யாருக்காக அந்தக் கால்

ஓர் ஈயின் காலைப் பற்றி இவ்வளவு நாள் யோசிக்க முடியும் என்று எனக்கே தெரியாது. ஈ என்றதும் கொச்சியின் மட்டாஞ்சேரி மீன் சந்தையில் மொய்க்கிற ஈயை நினைத்துவிட வேண்டாம். இது நெடுங்கால் ஈ. பூச்சியியலில் டோலிகோபோடிடே குடும்பம். அழுகலை நாடாது, ஆளை அண்டாது, பெரும்பாலும் ஓர் அரிசியின் நீளத்தைத் தாண்டாது. உடம்பெல்லாம் உலோகப் பச்சை. வெயில் விழும் கோணத்தைப் பொறுத்துச் செம்பாகவும் நீலமாகவும் மாறும். மழை விட்ட மறுநாள் கல்வத்திக் கால்வாயை ஒட்டிச் சேம்பு மண்டிக் கிடக்கும் இடங்களில் குனிந்து பார்த்தால், இலைக்கு ஒன்றிரண்டாக நின்றுகொண்டிருக்கும். முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற அந்த நிற்பில் ஒரு மிடுக்கு உண்டு. அசுவினி, பேன்பூச்சி, சிலந்திப்பேன் என்று தன்னைவிடச் சிறிய மெத்துடம்புப் பூச்சிகளைப் பிடித்துப் பிழியும் வேட்டைக்காரப் பிறவி அது. கையை நீட்டினால் அங்கே இல்லை, பக்கத்து இலையில் இருக்கும். ஃபிளாஷ் வெளிச்சம் பட்ட கணத்திலேயே எழும்பிவிடும் என்பார்கள் படம் எடுக்கிறவர்கள். கேமராவில் மிஞ்சுவது வெறும் இலை, இல்லாவிட்டால் கலங்கிய ஒரு பச்சைக் கீற்று. பார்க்க விடமாட்டேன் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிற உயிர், ஆய்வேட்டில் மட்டும் பக்கம் பக்கமாக அசையாமல் கிடக்கிறதே, அது எப்படி? என் நெருடல் அங்கேதான் தொடங்கியது.

நான் வாசித்துக்கொண்டிருந்தது சிங்கப்பூரின் 'ராஃபிள்ஸ் புல்லட்டின் ஆஃப் ஜுவாலஜி' இதழில் 2014இல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் பேட்ரிக் குரோட்டார்ட் என்ற பெல்ஜியப் பூச்சியியலாளரும் ஜெயந்தி புண்ணியமூர்த்தியும். சிங்கப்பூரின் கண்டல் காடுகளில் வாழும் 'ங்கிராஃபியம்' என்ற நெடுங்கால் ஈப் பேரினத்தில் இரண்டு புது இனங்களை அதில் விவரித்திருந்தார்கள். ஒன்று அதன் நீல நிறத்தால் 'கெருலியம்'. மற்றதன் பெயர் 'சிவசோதியி'. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்தபடி, ஆண்டுக்கணக்காக ஆட்களைத் திரட்டிக் கடற்கரைக் குப்பையை அள்ளவைத்த சிவசோதியின் பெயர் அது. சிவனும் சோதியும் லத்தீன் வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு சேற்றில் ஓர் ஈயாக நிற்கிற வேடிக்கைக்காகத்தான் அந்தக் கட்டுரையைத் திறந்தேன். ஆனால் என்னை நிறுத்திவைத்தது பெயர் இல்லை. இந்தக் குடும்பத்து விவரிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே நடைதான். தலை, உணர்கொம்பு, மார்பின் மயிர்முட்கள், பிறகு கால்கள். முன்னங்கால், நடுக்கால், பின்னங்கால்; ஒவ்வொன்றிலும் தொடை, கணைக்கால், ஐந்து பாதக் கணுக்கள்; எந்தக் கணு எதைவிட எத்தனை மடங்கு நீளம், எந்த முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே வரிசையாக நிற்கிறது, எங்கே ஒற்றையாக நிற்கிறது. ஒரு முழு உயிரை எழுத உட்கார்ந்தவர்கள் காலை விட்டு நகர மறுக்கிறார்கள். முதல் வாசிப்பில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. சேறு எங்கே, உப்பு வாடை எங்கே, அலை ஏறும்போது அது எங்கே ஒதுங்குகிறது? இதையெல்லாம் விட்டுவிட்டு மயிரை எண்ணுவதா விவரிப்பு?

மயிரை எண்ணுவதற்கு விதியும் உண்டு. விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேசச் சட்டநூல், பெயர்களின் கணக்கை 1758 ஜனவரி 1 முதல் தொடங்குகிறது. 1930க்குப் பிறகு வைக்கப்படும் பெயர் செல்ல வேண்டுமென்றால், மற்றவற்றிலிருந்து இது எதில் வேறுபடுகிறது என்பதைச் சொற்களில் எழுதியிருக்க வேண்டும். 1999க்குப் பிறகு வகைமாதிரி எது என்பதையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். அதாவது ஒரே ஒரு உடல் அந்தப் பெயருக்குக் காலமெல்லாம் சாட்சி நிற்கும். நெடுங்கால் ஈக்களில் அந்தச் சாட்சி அநேகமாக எப்போதும் ஆண். பச்சை உடம்பு, ஒடிசலான கால், கண்ணாடி இறகு என்று நூற்றுக்கணக்கான இனங்கள் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் ஒளிந்திருப்பது ஆணின் கால் அலங்காரத்திலும், வயிற்றின் முனையில் முன்னோக்கி மடிந்து கிடக்கும் பிறப்புறுப்பிலும்தான். அந்த முனையை வெட்டி, காஸ்டிக் பொட்டாஷிலோ லாக்டிக் அமிலத்திலோ இளஞ்சூட்டில் ஊறவைப்பார்கள். தசை கரைந்து தோலின் கூடு மட்டும் மிஞ்சும். அதைக் கிளிசரின் துளியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் படம் வரைவார்கள். குழாயில் அடைத்த அந்தத் துண்டும், மீதி உடலும், ஊரும் நாளும் எழுதிய நகக்கண் அளவுச் சீட்டும் சேர்ந்ததுதான் ஓர் இனத்தின் பத்திரம். உலகம் முழுக்க இந்தக் குடும்பத்தில் சுமார் எட்டாயிரம் இனங்களுக்கு இப்படிப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. கொலைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. சேம்பிலை மேல் நின்ற அந்த மிடுக்குக்கும் இந்தக் கிளிசரின் துளிக்கும் நடுவே எது தொலைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேள்வியே வேறு பக்கம் திரும்பியது.

அந்தக் கால் ஏன் அப்படி இருக்கிறது? ஐரோப்பாவில் 'டோலிகோபஸ் புளூமிப்பஸ்' என்றொரு இனம். ஆணின் நடுக்காலில், பாதத்தின் முதல் கணு இருபுறமும் மயிர் அடர்ந்து இறகுபோல் விரிந்திருக்கும். நடப்பதற்கோ இரை பிடிப்பதற்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. பெண்ணின் முன்னால் ஆட்டிக் காட்டுவதற்கானது அது. இங்கிலாந்தின் குட்டையோரச் சேற்றில் திரியும் 'பொசிலோபோத்ரஸ் நோபிலிடேட்டஸ்' ஆணுக்கு இறகின் நுனி வெள்ளை. பெண்ணின் எதிரே போய் நின்று அந்த வெள்ளையை விசிறிக் காட்டும். பெண் நகர்ந்தால் தானும் நகர்ந்து அவள் பார்வைக்குள்ளேயே நிற்கப் பார்க்கும். 1993இல் மைக்கேல் லேண்ட் என்ற பார்வைப்புலன் ஆய்வாளர் அதன் துரத்தலையும் காதலாட்டத்தையும் படம்பிடித்து ஆராய்ந்தார். 2003இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர் பல இனங்களின் காதல் சைகைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். ஹவாய்த் தீவுகளில் 'கேம்ப்சிக்னெமஸ்' என்ற ஒரே பேரினம் நூற்றைம்பதுக்கும் மேலான இனங்களாகக் கிளைத்துக் கிடக்கிறது. பல ஆண்களின் நடுக்கால் வீங்கியும் வளைந்தும் முள் சீப்பாகவும் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. இத்தனை தினுசையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, இது வேண்டும் அது வேண்டாம் என்று ஒதுக்கிக் கழித்து உருவாக்கியது யார்? பெண் ஈ. தன் இனத்து ஆண் எது, பக்கத்து இனத்து ஆண் எது என்று காலைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் இந்த உலகில் முதலில் அவளுக்குத்தான் இருந்தது. நுண்ணோக்கியின் முன் உட்காரும் பூச்சியியலாளர் அவள் இருக்கையில்தான் உட்காருகிறார். அவளுக்குக் காட்டப்பட்ட காலைத்தான் அவரும் பார்க்கிறார். மயிரை எண்ணுகிறார்களே என்று எரிச்சல்பட்டேன் அல்லவா, அந்த எண்ணிக்கையைத் தொடங்கிவைத்தவள் அவள். விவரிப்பின் குறுகலான அந்தப் பார்வை, ஆய்வகத்தில் பிறந்த பழக்கம் இல்லை, சேற்றில் பிறந்தது.

இந்த எண்ணம் தந்த மகிழ்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. ஏனென்றால் அதே ஏடுகளில் விவரிப்பு முடிகிற இடத்தில் அடிக்கடி ஒரு வரி வருகிறது. பெண்: தெரியவில்லை. ஆணுக்கு இரண்டு பக்கம், பெண்ணுக்கு ஒரு வரி. வலையில் பெண்கள் விழாமல் இல்லை, விழுகிறார்கள். ஆனால் அலங்காரம் இல்லாத காலும் ஒன்றுபோன்ற உடம்பும் கொண்ட அவர்களை எந்த இனத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய வழியில்லை. இனங்காண உதவும் திறவுகோல்கள் பலவும் ஆண்களுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. இனத்தைப் பிரித்தறியத் தெரிந்தவளை எந்த இனம் என்று பிரித்தறிய முடியாமல், 'பெண்கள், இனம் அறியப்படாதவை' என்று சீட்டு எழுதிச் சாராயப் புட்டியில் ஒன்றாகப் போட்டு மூடிவைக்கிறார்கள். இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த ஈக்களின் கண் உயிரோடு இருக்கும்போது ஒரு நிறம் இல்லை. கூட்டுக்கண்ணின் சில்லுகள் வரிசை வரிசையாக, ஒரு வரிசை சிவப்பும் அடுத்த வரிசை மஞ்சட்பச்சையுமாக மின்னும். சாயத்தால் வருகிற நிறம் இல்லை அது; சில்லின் மேல்தோலில் மெல்லிய அடுக்குகள் ஒளியைப் பிரித்துத் திருப்புவதால் தோன்றுவது. உடல் காய்ந்தால் அடுக்குகளின் இடைவெளி மாறி நிறம் போய்விடும். வகைமாதிரியின் கண், மங்கிய பழுப்பு. ஆக, காட்டப்பட்ட கால் பத்திரமாக இருக்கிறது. கண்ட கண் இருவகையிலும் இல்லை. பார்த்தவளுக்குப் பெயர் இல்லை, பார்வைக்கு நிறம் இல்லை. நெய்தல் பாடியவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் என்று ஒரு கணம் தோன்றியது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் நண்டு தனியாக வருவதில்லை, துணையோடு ஆடிக்கொண்டு வருகிறது. ஆனால் நண்டின் இனம் எது என்று அங்கே யாரும் கேட்கவில்லையே. இணையைப் பாடுவது எளிது. இணை என்று நிரூபிப்பதுதான் கடினம்.

மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு விவரிப்பைப் பற்றி யோசிக்கிறவர் எவராக இருந்தாலும் கடைசியில் ஒரு புத்தகத்தின் மேல் முட்டிக்கொள்ளத்தான் வேண்டும். 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதன் பிறகு மலபாரின் டச்சுத் தளபதியாக வந்த ஹென்ட்ரிக் வான் ரீடே இங்கிருந்து தொடங்கியதுதான் 'ஹோர்ட்டுஸ் மலபாரிகுஸ்'. ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்தது; எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகொடி மரங்கள். சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் தன் குடும்பத்து ஏட்டுச்சுவடி அறிவைக் கொடுத்தார். கொச்சியின் கொங்கணி வைத்தியர்களான ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் மூவரும் கொடுத்தார்கள். இப்போதும் செர்லாயில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணிக் குரல்களைக் கேட்கும்போது எனக்கு அந்த மூவர் நினைவு வரும். 1675 ஏப்ரலில் அவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுகளும் முதல் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. படங்களில் செடியின் பெயர் லத்தீன் எழுத்தில், மலையாளத்தில், அரபியில், கொங்கணிக்கான நாகரியில். அந்த விவரிப்பில் நான் ஈயின் ஏட்டில் தேடிய எல்லாமும் உண்டு. எங்கே வளரும், எப்போது பூக்கும், இலையைக் கசக்கினால் என்ன வாசம், வேரை அரைத்துத் தடவினால் என்ன தீரும். தாவரவியலாளர் கே.எஸ். மணிலால் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்து அதை 2003இல் ஆங்கிலத்துக்கும் 2008இல் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொல் பெயர் வைத்தபோது இந்தப் படங்களைப் பார்த்தே பல பெயர்களை வைத்தார். பல பெயர்களுக்கு உலர்ந்த செடி இல்லை, அச்சுப் படமே வகைமாதிரி.

இதையெல்லாம் வைத்து, அன்றைய விவரிப்பு முழுமை, இன்றையது குறை என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது பாதி உண்மை. வைத்தியரின் பார்வையும் குறுகலானதே. அதன் ஒடுக்கம் வேறு பக்கம் இருந்தது. செடி நமக்கு எதற்கு ஆகும் என்ற கேள்வி அதை நடத்திச் சென்றது. எதற்கும் ஆகாத ஒன்று அந்தப் பார்வையில் வந்து நிற்க இடமே இல்லை. மட்டாஞ்சேரியே அப்படிப்பட்ட ஊர்தான். பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கின் காரவாசம் நூறாண்டாகச் சுவரில் ஏறியிருக்கிறது. மிளகுக்குத் தரம் உண்டு, ஏலத்துக்குத் தரம் உண்டு, அரிசியைத் தின்னும் வண்டுக்கும் பெயர் உண்டு, ஏனென்றால் அது நஷ்டம் வைக்கும். கால்வாயோரச் சேம்பில் நிற்கும் பச்சை ஈ லாபத்திலும் இல்லை நஷ்டத்திலும் இல்லை. அதைப் பார்த்து, நமக்கு எதற்கு என்று கேட்காமல், பக்கத்தில் நிற்பதிலிருந்து எதில் வேறு என்று மட்டும் கேட்டது அந்த மயிர் எண்ணும் நடைதான். வேறுபாட்டை மட்டும் சொல்வது வறட்சி என்று நினைத்திருந்தேன். அது ஒரு மரியாதை என்றும் இப்போது தோன்றுகிறது. நீ எனக்கு யார் என்று கேட்காமல், நீ யார் இல்லை என்று தெரிந்துகொள்ள மெனக்கெடுகிற மரியாதை. இரண்டு பார்வையிலும் வெளியே நின்றுவிட்டவர்கள் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரீடே வைத்தியர்களின் பெயரை எழுதினார், ஓவியர்களின் பெயரும் தெரியும். இட்டி அச்சுதன் பெயரில் 'அச்சுதேமியா' என்று ஒரு தாவரப் பேரினத்துக்கே ப்ளூம் என்ற தாவரவியலாளர் பெயர் வைத்தது உண்டு. காட்டுக்குப் போய் மரமேறி, இது பூத்தது அது காய்த்தது என்று பறித்துக்கொண்டு வந்தவர்கள் கூட்டமாக மட்டுமே நிற்கிறார்கள்.

கிழக்குக் கரையில் ஈக்கள் லின்னேயஸ் காலத்திலேயே கவனிப்புக்கு வந்துவிட்டன. தரங்கம்பாடியில் 1768இல் வந்து இறங்கிய ஜோஹான் கெர்ஹார்ட் கோனிக் லின்னேயஸின் மாணவர். அவரும், அவருக்குப் பின் டால்டோர்ஃப் என்ற டேனிஷ் படைவீரரும் அனுப்பிய பூச்சிகளை, கப்பல் ஏறி இந்தியா வராத ஃபாப்ரீசியஸ் ஐரோப்பாவில் உட்கார்ந்து விவரித்தார். காவிரிக் கழிமுகத்துப் பூச்சிகளின் பத்திரங்கள் கோப்பன்ஹேகனில் இருப்பது இப்படித்தான். பிறகு வந்தவர்களின் பட்டியல் எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். கல்கத்தாவில் இருந்தபடி இந்திய ஈக்களைப் பற்றி 1912 முதல் தொகுதி தொகுதியாக எழுதிய என்ரிகோ புருனெட்டி தொழிலால் இசைக்கலைஞர். 1922இல் இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதி நெடுங்கால் ஈக்களுக்குப் பெருநூல் எழுதிய தியோடர் பெக்கர் நகராட்சிப் பொறியாளர். அடுத்த இருபது ஆண்டுகள் உலகெங்கிலுமிருந்து வந்த இந்த ஈக்களை விவரித்துத் தள்ளிய ஆக்டேவ் பாரன் ஒரு பாதிரியார். வாத்தியமும் சாலையும் பூசையும் போக மிச்சமிருந்த பொழுதில் ஈயின் காலைப் பார்த்தவர்கள். அவர்கள் மேசைக்கு வந்ததெல்லாம் குத்தூசியில் காய்ந்த உடல்கள். நின்ற நிற்பையோ கண்ணின் நிறத்தையோ அவர்கள் எழுதவில்லை என்று குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களிடம் அது வந்து சேரவே இல்லை. இப்போது உடல்கள் வெளிநாடு போகும் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி இந்தியாவில் கண்டறியப்படும் புது இனத்தின் மாதிரியை இங்கே அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். 1916இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகம் அவற்றில் ஒன்று. பத்திரம் ஊரிலேயே இருக்கும் என்பது நல்லதுதான். அதைப் படிக்க ஆட்களும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

உடலே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. 2015இல் ஸ்டீபன் மார்ஷலும் நீல் ஈவன்ஹுயிஸும் தென்னாப்பிரிக்காவில் தச்சுத் தேனீ போலவே தோற்றம் காட்டும் ஓர் ஈ இனத்தை வெறும் புகைப்படங்களை வைத்து விவரித்தார்கள், ஈ பறந்துபோயிருந்தது. பூச்சியியல் உலகம் இரண்டுபட்டது. இந்த ஈவன்ஹுயிஸ்தான் 2002இல் குரோட்டார்ட்டோடு சேர்ந்து 'ங்கிராஃபியம்' பேரினத்தை நிறுவியவர், கிளிசரின் துளியின் அருமை தெரிந்தவர் என்பதால் எனக்கு அந்தச் சண்டை இன்னும் சுவாரசியம். 2021இல் மைக்கேல் ஷார்க்கியும் கூட்டாளிகளும் கோஸ்டாரிக்காவின் ஒட்டுண்ணிக் குளவிகளில் 403 புது இனங்களை ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு படமும் டி.என்.ஏ. பார்கோடும்தான் விவரிப்பு. 658 எழுத்துகள் நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டு. நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் அந்த வரிசையில் கால் இல்லை, மயிர் இல்லை, பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. இப்படிச் செய்தால் இனத்தைக் கண்ணால் அறிய வழியே போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்தது. என் மனமும் எதிர்த்தவர்கள் பக்கம்தான் சாய்ந்தது. பெண் ஈ தொடங்கிவைத்த பார்வை ஒரு இயந்திரத்தின் அச்சுப்பொறியில் முடிந்துவிடுவதா என்று ஒரு கோபம். ஆனால் அதே பார்கோடுதான் சாராயப் புட்டியில் கலந்து கிடந்த பெண்களை ஒவ்வொருவராக எடுத்து, இவள் இன்ன ஆணின் இனம் என்று சொல்கிறது. காலைப் பார்த்து வகைப்படுத்தியவர்களால் இருநூறு ஆண்டு முடியாதது அது. சிங்கப்பூரில் ருடால்ஃப் மெய்யரின் குழு கூடார வலைகளில் விழுந்த பூச்சிகளை முதலில் பார்கோடால் கூட்டம் பிரித்தது, பிறகு கண்ணால் சரிபார்த்தது. கண்டல் காடுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் இருப்பதை 2021இல் எழுதினார்கள். செடிவகை குறைவு என்பதால் பூச்சியும் குறைவாகத்தான் இருக்கும் என்று அதுவரை யாரும் அதிகம் தேடாத சேறு அது. பார்க்கத் தெரியாத ஒன்று, பார்த்தவளுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறது. என் கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குப் புரியவில்லை.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று மட்டும் எனக்குத் தெளிந்திருக்கிறது. ஒரு விவரிப்பின் நேர்மை அது எவ்வளவு சொல்கிறது என்பதில் இல்லை. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மறைக்காமல் இருப்பதில் இருக்கிறது. பெண்: தெரியவில்லை என்ற அந்த ஒற்றை வரியை முதலில் புறக்கணிப்பு என்று வாசித்தேன். இப்போது அந்தக் கட்டுரைகளிலேயே ஆகச் சிறந்த வரி அதுதான் என்று வாதாடுவேன். ஹோர்ட்டுஸின் ஒவ்வொரு படத்தின் கீழும், பறித்தவர்: தெரியவில்லை என்று ஒரு வரி இருந்திருந்தால் கொச்சியின் வரலாற்றை நாம் வேறு மாதிரி படித்திருப்போம். கேரள வரலாற்றின் பல ஏடுகளில் அந்த வரி இல்லாததாலேயே, சொல்லப்பட்டது மட்டும்தான் நடந்தது என்று நம்பப் பழகிவிட்டோம். ஃபோர்ட் கொச்சியில் வேலி என்ற இடத்துச் சலவைத்துறையில் துவைத்துக்கொண்டிருக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களைக் கேட்டால், டச்சுக்காரர்கள் தங்கள் படைக்குத் துணி வெளுக்க அழைத்துவந்த கதையைச் சொல்வார்கள். ரீடேயின் ஊழியர்கள் உடுத்தியதும் யாரோ வெளுத்துக் கொடுத்ததுதானே. தெரியவில்லை என்று எழுதுவதற்கும் எழுதாமல் விடுவதற்கும் உள்ள தூரம் பெரியது. எழுதினால் அது கடன். யாராவது ஒருநாள் தீர்த்தாக வேண்டும். எழுதாமல் விட்டால் கடனே இல்லை.

அந்தக் கடனைத் தீர்க்க இடம் வேண்டும். கேரள உயர்நீதிமன்றத்துக்குப் பின்னால் மங்களவனம் இருக்கிறது. 2004இல் பறவைகள் சரணாலயம் ஆனது, மொத்தமே 2.74 ஹெக்டேர். கொக்கையும் நீர்க்காகத்தையும் எண்ணுகிறவர்கள் அங்கே வருவதுண்டு. வைப்பினிலும் புதுவைப்பிலும் கண்டல் துண்டு துண்டாக நிற்கிறது. வல்லார்பாடத்தில் 2011இல் திறந்த கண்டெய்னர் முனையத்துக்கும் அதற்கான பாதைகளுக்கும் எவ்வளவு சேறு போனது என்பதை அங்கே வலை வீசிப் பிழைத்தவர்கள் இன்னமும் சொல்கிறார்கள். போன சேற்றில் எந்தக் கால் எந்தக் கண்ணுக்கு முன் ஆடிக்கொண்டிருந்தது என்று கேட்க இனி ஆளும் இல்லை, ஈயும் இல்லை. நெடுங்கால் ஈயின் புழு ஈர மண்ணிலும் சேற்றிலும்தான் வளர்கிறது. கான்கிரீட் போட்ட கரையில் அதற்கு வேலை இல்லை. ஆண் ஒன்று அகப்பட்டுவிட்டால் பெயர் வைத்துவிடலாம், ஒரே ஓர் உடல் போதும், சட்டநூலும் அதற்கு மேல் கேட்பதில்லை. பெண்ணை அறிய அது போதாது. அவள் எதைப் பார்த்து எதை மறுக்கிறாள் என்று தெரிய வேண்டுமென்றால் உயிரோடு இரண்டும் வேண்டும், அவை நிற்கச் சேறு வேண்டும், அந்தச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி வேலையற்றவர்போல் மணிக்கணக்காகக் குந்தியிருக்க ஒருவர் வேண்டும். புது இனம் கண்டுபிடிப்பு என்று செய்தித்தாளில் படம் வரும்போதெல்லாம் நாம் மகிழ்கிறோம், மகிழலாம். அந்த விவரிப்பின் கடைசி வரியையும் கேட்டு வாங்கிப் படிக்கிற வழக்கம் நமக்கு வரவேண்டும். தெரியவில்லை என்று அதில் இருந்தால், அந்த இடத்தை மண் போட்டு மூட யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் அதன் பொருள்.